ஆறாம் நம்பர் வீட்டில் நாலு பேர்

வாடகைக்கு வீடு கேட்டு யாராவது போன் செய்தால் நாம் முதலில் கேட்பது என்ன? "எத்தனை பேர்?" அடுத்தது, "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை மட்டும் சொல்லவில்லை. நம் வயதுக்காரர்கள் பலர் கம்பெனி வேலையில் இருந்தபடியே மாடியில் வாடகைக்கு ஒரு போர்ஷன் கட்டிவிட்டோம். முப்பதைத் தாண்டியதுமே நாமே ஓனர்கள், நாமே கேள்வி கேட்கிறவர்கள். போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். என் வாயிலிருந்தும் அதே இரண்டு கேள்விகள் வந்தன. "அஞ்சு... இல்லீங்க, நாலு பேர்" என்று அவள் தடுமாறினாள். அந்தத் தடுமாற்றம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்றால் கேளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவுக்குப் பன்னிரண்டு, தங்கச்சிக்கு எட்டு. குன்றத்தூரில் மலைக்குக் கீழே ஒரே அறை கொண்ட வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. விபத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. போய்விட்டார், அவ்வளவுதான். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த வீட்டு ஓனர், ஆம்பளை இல்லாத வீட்டில் நாளைக்கு ஏதாவது என்றால் தான் பதில் சொல்ல முடியாது என்று காலி செய்யச் சொன்னார். அதை அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அம்மா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். கார்களுக்குள் போகிற ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற வேலை. அந்த டேப்பின் பசை வாசனை அவள் விரலை விட்டுப் போகவே போகாது. சோறு பிசைந்து ஊட்டினாலும் அந்த வாசனை வரும். கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு பார்க்கலாம் என்று எங்கள் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தாள். அந்தப் பக்கம் இரண்டே வகை போர்டுகள். ஒன்று, "பேச்சிலர்களுக்கு மட்டும்." இன்னொன்று, "சிறு குடும்பத்துக்கு மட்டும்." புருசன் இல்லாமல் மூன்று பெண் பிள்ளைகளோடு நிற்கிறவள் எந்த போர்டிலும் சேர்த்தி இல்லை. கேட் வரைக்கும் வந்து எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

ஐந்தாவது நாள் அம்மா எங்களை பஸ் ஸ்டாப்பில் உட்கார வைத்துவிட்டுத் தனியாகப் போனாள். வெகு நேரம் கழித்து வந்தாள். வீடு கிடைத்துவிட்டது என்றாள். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

நடந்தது இதுதான். தன் வீட்டுக்காரர் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதும் ஓனரம்மாவின் முகம் மலர்ந்திருக்கிறது. பிறகுதான் அந்த அம்மாள் தன் சட்டத்தைச் சொன்னார். ஒரு வீட்டுக்கு நாலு தலை. அதற்கு மேல் ஒரு தலை கூட ஆகாது. பத்து வீட்டுக்கும் ஒரே செப்டிக் டேங்க், ஒரே மோட்டார், தாங்காது. அம்மா வாயை விட்டுப் புருசன் வெளியே வந்தாகிவிட்டது. திரும்ப உள்ளே தள்ள முடியாது. "நாங்க நாலு பேருதாங்க. ரெண்டு பொண்ணு" என்றிருக்கிறாள்.

இல்லாத அப்பா ஒரு தலை ஆகிவிட்டார். அதனால் இருக்கிற எங்களில் ஒருத்தி இல்லாமல் போக வேண்டியதாயிற்று. இந்தக் கணக்கு எனக்கு அப்போது புரியவில்லை. பஸ் ஸ்டாப் பெஞ்சுக்கு முன்னால் அம்மா என்னையும் தங்கச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, எட்டிப் போய்ப் பார்த்தாள். ஒரே உயரம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் அரை விரல் கூடுதல்.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்திதான் கீறா. புரிதா? ரெண்டு பேரும் சேந்து ஒருத்தி. பேரும் ஒண்ணுதான்."

என் பெயரை வைத்துக்கொள்வது என்று முடிவானது. நான்தான் மூத்தவள். தங்கச்சியின் பெயரை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சொல்லவில்லை. அன்றைக்கே சலூனில் இரண்டு பேருக்கும் பேன் என்று சொல்லி ஒரே மாதிரி முடியை ஒட்ட வெட்டினார்கள். ஒரே துணியில் தைத்த இரண்டு கவுன் ஏற்கெனவே இருந்தது, நீலக் கட்டம் போட்டது. சாமான் வண்டியில் நான் போனேன். மறுநாள் மத்தியானம், நான் உள்ளே இருந்தபோது, தங்கச்சி அந்தக் கவுனில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு லைனுக்குள் நுழைந்தாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது ஒரு லைன் வீடு. நீளமாகப் பத்து அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஓனரம்மாவின் குடும்பம் அந்த நிலத்தில் ஒரு காலத்தில் நெல் போட்டது. கம்பெனிகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய துண்டில் அறைகளைக் கட்டி விட்டிருந்தார்கள். அறைக்கும் அறைக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரை எழும்பவில்லை. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. ஐந்தாம் நம்பரில் வெங்காயம் நறுக்கினால் ஆறாம் நம்பரில் எங்களுக்குக் கண்ணெரியும். அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் பேசினால் அவர்களுக்குக் கேட்கும். அந்த ஒரு முழம்தான் எங்களைப் பயந்தே சாகடித்தது.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தது. அம்மா கம்பெனி முறைப்படி எங்களுக்கு ஷிப்ட் போட்டாள். காலையிலிருந்து மத்தியானம் ஒரு மணி வரை நான் வெளியே, தங்கச்சி உள்ளே. ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிட உள்ளே போய்விடுவார்கள், நடை காலியாக இருக்கும். அப்போது மாற வேண்டும். அதன் பிறகு நான் உள்ளே, அவள் வெளியே. "மாத்தி உடற ரிலீவர் வராம லைன உட்டு எந்திரிக்கக் கூடாது. எங்க கம்பெனியில அதான் ரூல்ஸ். இங்கயும் அதான்" என்றாள் அம்மா. நாங்கள் அதை முதலில் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டோம். "ஷிப்ட் முடிஞ்சிது மேடம்" என்று ஒருத்திக்கு ஒருத்தி சல்யூட் அடித்துக்கொண்டோம், சத்தம் இல்லாமல்.

விளையாட்டு இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. உள்ளே இருப்பவளின் இடம் சமையல் மேடைக்குக் கீழே. பழைய புடவையைத் திரைபோலக் கட்டி, முன்னால் அரிசி டிரம்மை வைத்திருந்தாள் அம்மா. அறை காலியாக இருக்கும்போது வெளியே வந்து படுத்துக்கொள்ளலாம். கதவில் சத்தம் கேட்டால் டிரம்முக்குப் பின்னால் போய்விட வேண்டும். ஆம்பளைக் குரல் கேட்டால் மூச்சு விடுவதே பாவம். கத்திரி வெயிலில் அந்த ஷீட்டுக்குக் கீழே மத்தியானம் முழுக்கக் கிடந்திருக்கிறேன். சிமெண்ட் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு துணியும் சுடும். தண்ணீர் குடிக்கச் சொம்பை எடுத்தால் சத்தம் கேட்குமோ என்று பயம். வெளியே பிள்ளைகள் ஓடுவது காதில் விழும். என் பெயரைச் சொல்லித் தங்கச்சியைக் கூப்பிடுவார்கள். அவள் "தோ வர்றேன்" என்பாள். நான் உள்ளே கிடந்து, நான் வெளியே ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அப்போது வந்த பயத்துக்கு இன்றைக்கும் பெயர் வைக்கத் தெரியவில்லை.

அப்பாவையும் நடத்த வேண்டியிருந்தது. அம்மா எங்கிருந்தோ ஒரு பழைய லுங்கியும் சட்டையும் கொண்டுவந்தாள். யாரும் உடுத்தாத லுங்கியை வாரத்துக்கு இரண்டு தடவை துவைத்துக் கொடியில் போட்டோம். அக்கா அதை முறுக்கிப் பிழிகிறபோது முகத்தில் அப்படி ஒரு கோபம் இருக்கும். அப்பாவுக்கு எப்போதும் நைட் ஷிப்ட். எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவர்கள் பகலில் தூங்கும்போது, யாரும் கதவைத் தட்டி எழுப்பக் கூடாது என்று வீட்டுப் பெண்கள் வெளியே பூட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அக்கா குழாயடிக்குப் போனால்கூட ஆறாம் நம்பருக்குப் பூட்டு விழும். சாவி அக்காவின் தாவணி முனையில் முடிச்சாக இருக்கும். இருமல் வந்தால் அடக்க வேண்டும், முடியவே முடியாவிட்டால் கனமான குரலில் இரும வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தாள். தங்கச்சி ஆம்பளை மாதிரி இருமிக் காட்டினாள். அன்றைக்கு மட்டும் நாங்கள் நாலு பேரும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தோம்.

ஒரு தரம் மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். தங்கச்சிக்கு முன்பல் ஒன்று விழுந்தது. எனக்கு எல்லாப் பல்லும் இருந்தது. அவளுக்கு முளைக்கிற வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்க வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டாள். ஒரு நாள் காலையில் மறந்துபோய் ஓனரம்மாவைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டேன். அந்த அம்மாள் மோட்டார் போட வந்தவர். தாடையைப் பிடித்து என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இன்னாடி இது? நேத்து சாயங்காலம் பல்லு இல்லாம பொக்கையா நின்னுகினு இருந்தியே?"

"மொளச்சிடுச்சி."

"ஒரே ராத்திரியிலயா? இன்னாத்தடி துன்ற நீ?"

ஓனரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். வயசாகிவிட்டது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு போனார். எனக்குக் கவுன் நனைந்துவிட்டது. இந்த அம்மாளை நீங்கள் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. பண்டிகை நாளில் பத்து வீட்டுக்கும் பாயசம் கொடுத்தனுப்புவார். தலைக்கு ஒரு டம்ளர், எங்களுக்கு நாலு டம்ளர் வரும். அது எங்களுக்குச் சரியாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு ஞாயிறு ஓ.டி. காலையிலேயே கம்பெனி பஸ்ஸில் போய்விட்டாள். அக்கா பூட்டைப் போட்டுவிட்டுக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே. கடைசி அறைக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து நொண்டி விளையாடிக்கொண்டிருந்தோம். நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு மணி ஆனது எனக்குத் தெரியும். நாங்கள் மூன்று நாலு பேர் தவிர மற்றவர்கள் சாப்பிடப் போய், நடை காலியானதையும் பார்த்தேன். அக்கா குழாயடியிலிருந்து கண்ணைக் காட்டினாள். இன்னும் ஒரே ஆட்டம் என்று நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த ஆட்டமும் ஆடினேன். அதற்கு அடுத்ததும் ஆடினேன். தங்கச்சி உள்ளே ரிலீவருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நம்பரில் நாலு பேச்சிலர்கள். எல்லாரும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பையன்கள். அன்றைக்கு அவர்கள் கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள், லைன் முழுக்க மசாலா வாசனை. திடீரென்று "பொத்" என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. பிறகு ஒருவன் கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தான், கை மயிர் பொசுங்கியிருந்தது. சிலிண்டர் டியூபில் தீப்பிடித்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கறுப்புப் புகை வந்தது.

எல்லாரும் வீட்டை விட்டு ஓடிவந்தார்கள். ஐந்தாம் நம்பரில் ஓர் அண்ணன் உண்டு. கம்பெனியில் தீயணைக்கிற குழுவில் இருப்பவர். மாதத்துக்கு ஒருமுறை அங்கே மணி அடித்து, எல்லாரையும் வெளியே வரவழைத்து, ஒரு மரத்தடியில் நிற்க வைத்துத் தலை எண்ணுவார்களாம். அதையே இங்கேயும் செய்தார். இரண்டு பையன்களைச் சாக்கை நனைத்துக்கொண்டு உள்ளே போகச் சொல்லிவிட்டு, எங்கள் எல்லாரையும் தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கம் விரட்டினார். அவர் மட்டும் பதறவில்லை. வீடு வீடாக எண்ண ஆரம்பித்தார்.

"நாலாம் நம்பர்ல எல்லாரும் வந்தாச்சா? ஏழாம் நம்பர்? ஏ புள்ள, ஒங்க வீட்ல?"

என்னைத்தான் கேட்டார். ஓ.டி. போகிற நாளில் யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா என்னை ஒப்பிக்க வைத்திருந்தாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அம்மா அப்பா ரெண்டு பேருமே ஓ.டி. டூட்டிக்குப் போயிருக்காங்க. அக்கா அதோ. அப்புறம் நானு."

அவர் நாலு விரலை மடக்கினார். "ஆறாம் நம்பர் நாலு. சரியா இருக்கு." அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

சரியாக இருந்தது. அக்கா கையெல்லாம் சோப்பு நுரையோடு நின்றாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஐந்தாம் நம்பர் புகை அந்த ஒரு முழ இடைவெளி வழியாக எங்கள் அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கதவுக்குக் கீழேயிருந்தும் புகை வர ஆரம்பித்தது. தங்கச்சி உள்ளே இருக்கிறாள் என்று சொன்னால் வீடு போய்விடும். மறுபடி பஸ் ஸ்டாப். மறுபடி கேட் கேட்டாக நிற்க வேண்டும். இதையெல்லாம் நான் யோசித்தேன். ஒன்பது வயதில், என் தங்கச்சி புகைக்குள் இருக்கும்போது, நான் வீட்டைப் பற்றி யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம்தான் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். அவள் எனக்காகச் சொல்கிறாள்.

பிறகு ஓடிப்போய் அந்த அண்ணனின் கையைப் பிடித்தேன்.

"அண்ணா, அப்பா டூட்டிக்குப் போவல. உள்ள தூங்குறாரு."

அது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. வீடும் போகக் கூடாது, தங்கச்சியும் வெளியே வர வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து என் மூளை கண்டுபிடித்த வழி அது. யாராவது கதவைத் திறந்தால் போதும், அவள் ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். பகலில் ஆள் தூங்கும் வீட்டுக்கு வெளியே பூட்டு இருப்பதை யாரும் சந்தேகிக்கவும் இல்லை.

"அட கோட்டிப் புள்ள, இத மொதல்லயே சொல்லாண்டாமா!" என்று அக்காவிடமிருந்து சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினார். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். "அண்ணாச்சி! அண்ணாச்சி! எந்திரிங்க!" என்று அவர் கத்துவது வெளியே கேட்டது. எதுவோ உருண்டு விழுந்தது. இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

"உள்ள ஆளே இல்லயே. பாயே விரிக்கல. ஒங்கப்பா எந்திரிச்சி எங்கயோ போயிருக்காரு, புள்ள."

அவர் தேடியது ஐந்தரை அடி ஆளை. அரிசி டிரம்முக்குப் பின்னால் யார் பார்ப்பார்கள்? அவளோ, ஆம்பளைக் குரல் கேட்டால் மூச்சுகூட விடக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். அவர் அண்ணாச்சி என்று கத்தக் கத்த அவள் இன்னும் உள்ளே ஒடுங்கியிருப்பாள். அவளைக் காப்பாற்றப் போனவரைப் பார்த்தே அவளை ஒளிய வைத்தவள் நான்.

அண்ணன் கதவைச் சாத்தத் திரும்பினார். அக்காவுக்கு அப்போதுதான் குரல் வந்தது. அது மனுசக் குரலாகவே இல்லை. "தங்கச்சி! உள்ள தங்கச்சி கீறாண்ணா!" அவர் என்னைக் காட்டி, "தங்கச்சி இந்தாலதான நிக்கா?" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவர் கைக்குக் கீழே புகுந்து வாசற்படி வரைக்கும் போய்விட்டேன். அறைக்குள் எதுவும் தெரியவில்லை. கண் எரிந்தது. முதலில் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன், பழக்கம். பிறகு அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். "வெளிய வாடி! ஷிப்ட் முடிஞ்சிதுடி! நான் வந்துட்டேன்டி!"

திரை அசைந்தது. அண்ணன் பாய்ந்து போய் டிரம்மைத் தள்ளி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் கறுத்து, உதடு நீலம் பாரித்திருந்தாள். இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தாள். கையை விலக்க அண்ணனால் முடியவில்லை, அப்படி ஓர் இறுக்கம். புகைக்காகப் பொத்தவில்லை. இருமல் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று பொத்தியிருந்தாள்.

தண்ணீர் தெளித்து, முதுகைத் தட்டி, அவள் இருமி வாந்தி எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் பையன்கள் சிலிண்டரை அணைத்துவிட்டார்கள். தீ என்று பார்த்தால் ஐந்தாம் நம்பரில் ஒரு ஷெல்ப்பும் துணிகளும்தான் போயின. ஆனால் லைனில் யாரும் அதைப் பேசவில்லை. நீலக் கட்டம் போட்ட இரண்டு கவுன்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓனரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தங்கச்சிக்கு முன்னால் குந்தினார்.

"உன் பேரு இன்னா கண்ணு?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். பிறகு என் பெயரைச் சொன்னாள்.

அம்மா நாலரை மணி பஸ்ஸில் வந்தாள். தெருமுனையிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாவைப் போட்டுவிட்டு ஓடிவந்து தங்கச்சியை அள்ளிக்கொண்டாள். அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள், முதுகில் வைத்துக் கேட்டாள். ஓனரம்மா அதுவரை பொறுத்திருந்தார்.

"உன் வூட்டுக்காரன் எங்க?"

"இல்லக்கா."

"இல்லன்னா? செத்துட்டானா?"

"போய்ட்டாருக்கா. எங்கன்னு தெரியாது."

ஓனரம்மா எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்து விரலை மடக்கினார். அம்மா, அக்கா, நான், தங்கச்சி. மறுபடி எண்ணினார். "நாலு பேருதானேமே கீறீங்க? நான் நாலு பேருக்குத்தானே வூடு வுட்டேன்? இதுக்கா ஒரு புள்ளய அடுப்புக்குக் கீழ போட்டு வெச்சிருந்த? பாவி, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "புருசன் இல்லாதவ, மூணு பொண்ணு வெச்சினு கீறேன்னு அன்னிக்கு வந்து நின்னுருந்தா, வூடு குடுத்திருப்பீங்களாக்கா?"

ஓனரம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐந்தாம் நம்பர்ப் பையன்களைப் பார்த்தார்.

"குடுத்திருக்க மாட்டேன்" என்றார். "சுத்தி வயசுப் பசங்க. நாளைக்கு ஒண்ணுன்னா என் தலைதான் உருளும். இப்பவும் வெச்சிக்க முடியாது. மாசம் முடியறதுக்குள்ள பாத்துக்கோ."

பொய் சொல்லாத மனுசி. அதற்காகவே எனக்கு அவரை இன்றைக்கும் முழுதாக வெறுக்க வரவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. "அப்பா தூங்குறாருன்னு ஏன்டி சொன்ன?" என்று ஒரு தரம் கேட்டாள். "அவ கீறான்னு சொன்னா வூடு போயிடுமேம்மா" என்றேன்.

மாதம் முடிய பன்னிரண்டு நாள் இருந்தது. இனிமேல் பொய் சொல்லப் போவதில்லை என்று அம்மா சொன்னாள், சொன்னபடியே எங்கள் மூன்று பேரையும் முன்னால் நிறுத்தி வீடு கேட்டாள். "நாங்க நாலு பேருங்க. வூட்டுக்காரர் இல்ல. நான் கம்பெனிக்குப் போறேன்." வடக்குப்பட்டுப் பக்கம் கேட்டோம். ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் கேட்டோம். ஒருவர் போர்டைக் காட்டினார். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு லைட்டை அணைத்தார். ஒரு பாட்டியம்மாள் தங்கச்சிக்கு முறுக்கு கொடுத்துவிட்டுக் கேட்டைச் சாத்தினாள். தங்கச்சி இருமிக்கொண்டே நடந்தாள், இருமும்போதெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருமினாள்.

மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம். சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. மெயின் ரோட்டை ஒட்டிப் புதிதாகக் கட்டிய ஒரு லைன், இன்னும் பெயின்ட்கூடக் காயவில்லை. ஒருவர் பனியனோடு வெளியே வந்தார். அம்மாவும் அக்காவும் தங்கச்சியும் அவருக்கு முன்னால் போய் நின்றார்கள். நான் செருப்பு அறுந்து நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"வூட்டுக்காரர் இன்னா பண்றாரு?"

அம்மாவின் கழுத்து நரம்பு எழும்பி அடங்குவது பின்னாலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"கம்பெனிங்க. நைட் ஷிப்ட்."

"எத்தினி பேரு? நாலு பேருக்கு மேல வுட மாட்டேன், தண்ணி பத்தாது."

யாரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மா திரும்பிப் பார்க்கவும் இல்லை. பக்கத்தில் ஒரு மினி லாரி நின்றுகொண்டிருந்தது. நான் அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போய் நின்றேன். தங்கச்சி தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். அக்கா அவள் முகத்தைப் பிடித்து முன்பக்கம் திருப்பினாள்.

"நாலு பேருதாங்க" என்றாள் அம்மா.